காலிக் கோட்டையில் ஒரு காம்பரா

அக்கரப்பத்தனையில் ‘ஹோட்டல்’ என்றால் சாப்பாட்டுக் கடை. கண்ணாடி அலுமாரியில் ரோல்ஸும் பராட்டாவும் அடுக்கியிருக்கும். உள்ளே ஐந்தாறு மேசைகள், நீள வாங்குகள், சுவரில் கஃபாவின் படம் போட்ட ஒரு கலண்டர். தங்குதல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் கிடையாது. எனது வாப்பாவும் அங்கே ஒரு ஹோட்டல்தான் நடத்தினார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட யாராவது ஒருவர் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அந்த வாங்கில் படுத்துறங்குவார். விடியற்காலையில் முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு டயகமப் பக்கமாக நடப்பார். தேத்தண்ணிக்குத்தான் காசு. படுத்ததற்கும் காசு வாங்கலாம் என்ற யோசனை வாப்பாவுக்கு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதனாலோ என்னவோ, அறுபத்தொரு வயது வரை நான் காசு கொடுத்து ஓர் அறையில் உறங்கியதில்லை. எங்கே போனாலும் எங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். கண்டிக்குப் போனால் பெரியம்மா மகன், கொழும்புக்குப் போனால் வீட்டுக்காரியின் தம்பி. மௌத்து வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போனால் பாயும் தலையணையும் தயாராக இருக்கும். முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். அங்கேயும் அப்படித்தான். மழையில் மாட்டிக்கொண்ட இரவுகளில் பிள்ளைகளின் லயங்களில் தங்கியிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஏழு பேர் படுக்கிற இடத்தில் எட்டாவதாக எனக்கும் ஓர் இடம் ஒதுக்குவார்கள். அவர்கள் அடுப்படிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

2023 ஆகஸ்டில் கட்டாரில் இருக்கும் மகன் பணம் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னான்: “உம்மாவக் கூட்டிட்டுக் காலிக்குப் போங்க வாப்பா. கோட்டைக்குள்ள ஒரு முஸ்லிம் ஊட்ல ரூம் போட்டிருக்கேன். மூணு நாள். காசு திருப்பித் தரமாட்டாங்க.” கடைசி வசனம் இல்லாவிட்டால் நாங்கள் போயிருக்கமாட்டோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களின் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து நடந்தார்களே, அந்த நடைபயணத்தின் கடைசி நாள் மாத்தளைக்குப் போய்விட்டு வந்த கால்வலி எனக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

தலவாக்கலையில் ரயில் ஏறி, கொழும்புக் கோட்டையில் மாறி, கடலோரமாக வந்து காலியில் இறங்கியபோது இரவு எட்டு மணி. மலையில் காலையில் போட்ட கம்பளிச் சட்டையைக் களுத்துறை தாண்டும்போது கழற்றினேன். த்ரீவீலர்க்காரர் பழைய வாசல் வழியாகக் கொண்டுபோனார். அந்த வாசலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் அரச சின்னம் இருக்கிறது. உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற வருடம். போர்த்துக்கேயர் தொடக்கி வைத்த கோட்டையை ஒல்லாந்தர் 1640இல் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள் என்று ஆண்டுக்கணக்கில் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இரண்டு எசமான்களின் முத்திரையைக் காண்பது வேறு விஷயம்.

கதவைத் திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். முதலில் ஆங்கிலத்தில் வரவேற்பு வந்தது. பிறகு வீட்டுக்காரியின் முக்காட்டைக் கண்டுவிட்டு ஸலாம் வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் அவருடைய சொந்தப் பேச்சு.

“உள்ளுக்கு வாங்க மகள். மழையிலயா வந்த? எந்த ஊரு செல்லுங்க.”

ஊரைச் சொன்னோம். “அக்கரப்பத்தனையா? அது எங்க ஈக்கி?” என்றார். நுவரெலியாப் பக்கம் என்றதும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்காரி அவரைத் ‘தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்பவேண்டாம். எங்கள் மத்தியில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அக்கரப்பத்தனையில் இந்தச் சொல்லால் வருகிற வேடிக்கைக்கு அளவில்லை. கடைவீதி முஸ்லிம் பிள்ளை “எங்கட தாத்தா கலியாணம் முடிக்கிறா” என்று சொன்னால் தோட்டத்துப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எனக்கு அந்த அம்மையார் தாத்தாவாகவே மனதில் பதிந்துவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் எனக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்.

“ஒங்கட காம்பரா இதுதான்” என்று முன்பக்க அறையைத் திறந்தபோது எனக்கு ஒரு சிறு அதிர்ச்சி. காம்பரா என்ற சொல்லை நான் லயத்தோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தவன். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று தெரியும். அந்தச் சொல்லுக்குள் இப்படி ஓர் அறையும் இருக்கும் என்பதுதான் புதிது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே கூரை. கையை முழங்கை வரை நீட்டினாலும் மறுபக்கம் தட்டாத தடிப்பில் சுவர். பவளக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியதாம். நாலு கால் கட்டில், அதன்மேல் நுளம்பு வலை. மூலையில் தொழுகைப் பாய் மடித்து வைத்திருந்தது. கிப்லாத் திசையைக் காட்டும் ஒரு சிறு அம்புக்குறி, வெள்ளைக்காரர் பார்த்தால் மின்சார அடையாளம் என்று நினைக்கும் விதமாக, கதவு நிலையில் ஒட்டியிருந்தது.

மறுநாள் ஸுபஹுக்கு மீரான் ஜும்ஆப் பள்ளிக்குப் போனேன். 1904இல் கட்டிய பள்ளி. வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர் கிறிஸ்தவக் கோயில் என்றே நினைப்பார். பிறைக்குறிகளைக் கண்ட பிறகுதான் சந்தேகம் தீரும். தொழுதுவிட்டு மதிலில் ஏறி நடந்தேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதால் கடல் கறுத்துக் குமுறிக்கொண்டிருந்தது. உல்லாசப் பயணிகள் குறைவு. மகனுக்கு மலிவாக அறை கிடைத்த ரகசியமும் அதுதான். கோட்டைக்குள்ளேயே பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி இருக்கிறது. அதன் பக்கமாக நடந்தபோது பையன்கள் ஓதும் சத்தம் கேட்டது. அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி ஒரு கோப்பிக் கடை. விலைப் பட்டியலில் எனது ஒரு நாள் ஓய்வூதியத்துக்கு ஒரு கோப்பி எழுதியிருந்தது.

மதிலில் நிற்கும்போது இப்னு பதூதாவின் நினைவு வராமல் இருக்காது. மத்தியதரைக் கடலின் மேற்கு வாசலில் இருக்கும் தன்ஜாவில் பிறந்த அவர், 1344இல் மாலைதீவிலிருந்து இங்கே வந்தார். புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறி, தெவிநுவரை வழியாகக் காலிக்கு வந்திருக்கிறார். காலி அப்போது சிறிய ஊர். அங்கே இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் ஒருவர் தங்களைத் தமது இருப்பிடத்தில் வைத்து விருந்தோம்பியதாகத் தமது பயணநூலில் அவர் குறிக்கிறார். அவ்வளவுதான், அந்த வீட்டைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. காலிக்குக் கோட்டை வருவதற்கு இருநூறு வருடத்துக்கு மேல் முன்பே, காலியில் ஒரு முஸ்லிம் வீட்டில் வெளியூர் முஸ்லிம் ஒருவர் தங்கியிருக்கிறார் என்பது மட்டும் மிச்சம். அறுபது வருடம் கழித்துச் சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் வருடத் திகதியிட்ட கல் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில். துறைமுகத்துக்கு வருகிறவன் எந்த மொழியில் வாசிப்பான் என்று சீனர் கணக்குப் போட்டபோது தமிழை விட்டுவிட முடியவில்லை.

தாத்தாவின் வீட்டிலும் தமிழ் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். முன்மண்டபத்தில் ஆங்கிலம். நடுமுற்றத்தில், அறை கூட்ட வரும் பெண்ணோடும் மீன்காரனோடும் சிங்களம். நடுமுற்றத்தைத் தாண்டி ஒரு மரத் தடுப்பு. ‘பிறைவேற்’ என்று எழுதிய அட்டை தொங்கியது. அதற்குப் பின்னால் தமிழ். பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படிக்கிறார்கள், விருந்தாளிகளோடு ஆங்கிலம் பேசுகிறார்கள், தாத்தாவிடம் மட்டும் தமிழில் பசி என்கிறார்கள். 2007இலிருந்து அந்தக் கோட்டையில் ஆங்கில இலக்கிய விழா நடக்கிறது. உலகத்துப் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் தமிழைக் கேட்க அவர்களுக்கு வாய்த்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அட்டை அப்படித்தானே எழுதியிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்காரி அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டாள். அவளுக்கு ஓர் அடுப்படி இருக்கும் வீட்டில் முன்மண்டபத்தில் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. போகும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பக்கற்றையும் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். தாத்தா கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “இதென்ன மகள், நெறமே இல்ல! தண்ணில சூரியனக் காட்டின மாதிரி ஈக்கி” என்றாராம்.

தெற்கத்தியார் குடிப்பது தாழ்நிலத் தேயிலை. கறுப்பாக, அழுத்தமாக இருக்கும். எங்களுடையது திம்புள்ளைப் பக்கத்து மலைத் தேயிலை. நிறம் மெல்லியது, வாசம் கூடியது. இந்த வித்தியாசத்தை வெறும் ருசி வித்தியாசமாக நான் எடுப்பதில்லை. இன்று இந்த நாட்டுத் தேயிலையில் அரைவாசிக்கும் மேல் தாழ்நிலத்தில்தான் விளைகிறது. அதில் பெரும்பகுதி காணி உறுதியைக் கையில் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருடையது. காலியிலிருந்து உள்ளே போனால், வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களக் குடும்பங்களைக் காணலாம். எங்கள் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே இருக்கிறவர்களுக்குத் தேயிலையும் இல்லை, வீடும் இல்லை.

வீட்டுக்காரி உள்ளே போனதால் எனக்கும் நடுமுற்றம் வரை அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து, தாத்தா தமது வீட்டின் கதையை அவரைக்காய் ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அது அவருடைய உம்மம்மாவின் வீடு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கப்படி உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து இவருக்கும் வந்தது. “இந்த முன் காம்பராலதான் நா பொறந்த. நீங்க படுத்த அதே எடத்துல.” உம்மம்மாவின் வாப்பா கப்பல்காரரோடு வியாபாரம் செய்தவர். ஒரு காலத்தில் காலி என்பது கப்பல்களின் ஊர். சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கும் முன்பு, ஐரோப்பியப் பயணிகள் மத்தியதரைக் கடலைத் தாண்டி அலெக்சாந்திரியாவில் இறங்கி, தரைவழியாகச் சுயெஸ் வந்து, அங்கே வேறு நீராவிக் கப்பல் ஏறிக் காலிக்கு வருவார்கள். நிலக்கரி ஏற்றக் கப்பல் நிற்கும். பயணிகள் இறங்கி ஊர் சுற்றுவார்கள். மாணிக்கக் கல்லும் பின்னல் லேசும் வாங்குவார்கள். கோட்டைக்குள் 1684இல் ஒல்லாந்தர் கட்டிய கட்டடம் ஒன்று 1860களில் அவர்களுக்காக ஹோட்டலானது. நியூ ஓரியன்டல் என்ற பெயரில் ப்ரோஹியர் என்ற பறங்கிக் குடும்பம் அதை நெடுங்காலம் நடத்தியது. இன்று அது அமன்கல்ல. அங்கே ஓர் இரவுக்கு என்ன வாடகை என்று நான் விசாரிக்கவில்லை. கொழும்பில் அலைதாங்கி 1885இல் கட்டி முடிந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி உறங்கிப்போனது. அந்த உறக்கத்தால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின என்பார்கள். காசிருந்தால் எல்லோரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அறிவித்தபோது பாதுகாக்கப்பட்டதில் பாதி, வசதியில்லாமையின் கைவேலை.

உறுதியைப் பற்றித் தாத்தா சொன்னது எனக்கு மிகவும் புதினமாக இருந்தது. உம்மம்மாவின் காலத்து நொத்தாரிசு எழுதிய அந்த உறுதியில், இந்த வீட்டை விற்கக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது, பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் அனுபவித்து வரவேண்டும் என்று நிபந்தனை இருந்ததாம். வக்கீல்மார் அதை ஃபிடெய்கொமிஸம் என்பார்கள். மத்தியதரைக் கரையில் ரோமர் உண்டாக்கிய சட்டம். ஒல்லாந்தர் தமது சட்டத்தோடு அதை இங்கே கொண்டுவந்தார்கள். வீடு வெளியார் கைக்குப் போய்விடக்கூடாது என்று கவலைப்பட்ட இலங்கை முஸ்லிம்கள் அதை ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள். நன்கொடை உறுதிகளில் அந்த நிபந்தனையை எழுதி எழுதி, நீதிமன்றங்களில் வழக்குக்கு மேல் வழக்காகப் பேசவைத்தார்கள். 1972இல் ஒரு சட்டம் அந்த முறையையே ஒழித்துவிட்டது. அன்றிலிருந்து யார் கையில் வீடு இருந்ததோ அவர் விரும்பினால் விற்கலாம். “எங்கட வாப்பா அத வாசிச்சிட்டு செல்லின, ‘இனி ஊட்டுக்கு நாங்க காவல், எங்களுக்கு ஆருமில்ல’ன்டு” என்றார் தாத்தா. முப்பது வருடம் அந்தச் சட்டத்தால் இந்தத் தெருவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாங்க ஆளில்லை.

வாங்க ஆள் வந்தது 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகு. வெள்ளைக்காரர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்களாம். கோட்டைக்குள் யாரும் கேள்விப்பட்டிராத விலை. கூரை ஒழுகும், கக்கூஸ் உடைந்த வீட்டுக்கு, வெளியே இரண்டு மாடி வீடும் ஒரு கடையும் மகளின் கலியாணமும் முடிக்கக்கூடிய பணம். தாத்தாவின் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக விற்றார்கள். “அவங்களக் கொற செல்ல ஏலா மாஸ்டர். கொமரு மூணு ஊட்ல ஈக்கக்கொள்ள ஒல்லாந்துச் செவரப் பாத்துக்கிட்டா ஈக்கிற?” 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தன. கோட்டைக்குள் மதில் பெரும்பாலும் காத்தது. அன்றிரவு தாத்தாவின் வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கணக்கில்லை. இருந்த அரிசி எல்லாம் கஞ்சியாகப் போனது. உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரப் பிள்ளைகள் இருவர் தங்க இடமில்லாமல் அலைந்தபோது முன் காம்பராவைக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போகும்போது அவர்கள் மேசையில் பணம் வைத்துவிட்டுப் போனார்கள். தாத்தாவின் கணவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் பஸ் நிலையம் வரை ஓடினாராம். தாத்தாவுக்கு வேறு யோசனை வந்தது. “அந்தக் காச எண்ணிப் பாத்த. ஊட்ட விக்காம ஊட்டால சாப்புட ஏலும்னு அண்டைக்குத்தான் வெளங்கின.”

அப்படித்தான் அந்த வீடு கெஸ்ட் ஹவுஸ் ஆனது. குடும்பம் ஒவ்வோர் அறையாகப் பின்வாங்கியது. முதலில் முன் காம்பரா, பிறகு பக்கத்து அறை, பிறகு ஆண்பிள்ளைகள் படுத்த அறை. இன்று மூன்று அறை விருந்தாளிகளுக்கு. அடுப்படியை ஒட்டிய இரண்டு சிறு அறைகளில் தாத்தாவும் மகனும் மருமகளும் மூன்று பேரப்பிள்ளைகளும். நான் அந்த அறைகளைக் கதவு வழியாகக் கண்டேன். சுவரோரமாகப் பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. அளவை நான் கேட்கவில்லை. முப்பது வருடம் லயங்களுக்குள் நடந்த கண்ணுக்கு அளவுநாடா தேவையில்லை.

சமாளித்தார்களா என்றால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த அழைப்பெல்லாம் அறையை இரத்துச் செய்யத்தான். பயணிகள் இல்லாதது ஊருக்குப் பொது. அதற்கு மேல் தெருவில் முக்காட்டோடு நடப்பது தாத்தாவுக்குத் தனி. அது ஓய்வதற்குள் கொரோனா. அதற்குப் பின் 2022இல் காஸும் இல்லை, மின்சாரமும் இல்லை. விருந்தாளிக்கு முற்றத்தில் விறகடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள்; அதை அவர்கள் படமெடுத்துப் போட, அதைப் பார்த்துவிட்டு வேறு சிலர் வந்தார்களாம். சொல்லிவிட்டுத் தாத்தா சிரித்தார். கூரை ஓடு மாற்றக்கூடத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்திருக்கிறது. ஆனால் நீண்ட குத்தகைக்குத் தடையில்லை. கொழும்புப் பணக்காரருக்கு எதற்கும் தடையில்லை. தட்டுகிறவர்கள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூத்த மகள் கொழும்பில். இளையவள் மெல்பர்னில். இருவரும் விற்கச் சொல்கிறார்கள். தாத்தா கண்ணை மூடினால் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்மாருக்கு ஒவ்வொரு பங்கு. “மார்க்கம் செல்ற பங்கு, நா மறுக்கேல்ல. ஆனா இந்தச் செவர நாலா வெட்ட ஏலுமா மாஸ்டர்?” என்று கேட்டார். குடும்ப வக்ஃபாக எழுதிவைக்கலாமா என்று பள்ளி நிருவாகத்தில் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். பிள்ளைகளின் உரிமையைத் தடுப்பதாக அமைந்துவிடுமோ என்று அவருக்கே தயக்கம். உம்மம்மாவுக்கு அந்தத் தயக்கம் இருந்திருக்காது, அவருக்கு ரோமர் துணையிருந்தார்கள்.

பேச்சு திரும்பி என்னிடம் வந்தது. “ஒங்கட ஊர்ல ஊடு என்ன வெல போற?”

எளிய கேள்விதான். நான் சொல்ல ஆரம்பித்து நெடுநேரம் எடுத்தது. எங்கள் கடை இருந்த நிலம் தோட்டத்துக்குரியது. வாப்பா நாற்பது வருடம் வாடகை கட்டினார், நான் விட்டுவிட்டேன். இப்போது இருப்பது தலவாக்கலைப் பக்கம் வாங்கிய ஒரு சிறு வீடு. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீட்டுக்கு விலை இல்லை. டயகமவிலும் ஹோல்புறூக்கிலும் கிளாஸ்கோவிலும் ஐந்தாவது தலைமுறை அதே லயத்தில் இருக்கிறது. வேலை செய்தால் இருக்கலாம். உறுதி கிடையாது. 1948இல் அவர்களிடமிருந்து குடியுரிமையை எடுத்தார்கள். அதைத் திரும்ப முழுமையாகப் பெற 2003 வரை ஆனது. இந்தியா நாலாயிரம் தனிவீடு, பிறகு 2017இல் இன்னும் பத்தாயிரம் என்று அறிவித்தது. ஏழு பேர்ச் காணியில் சிலர் வீடு பெற்றிருக்கிறார்கள். வீடு வந்த இடங்களிலும் உறுதி கைக்கு வரத் தாமதம். பெரும்பாலானோர் இன்னும் லயத்தில். தாத்தா அவரைக்காயை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவங்களுக்கு விக்கிற யோசனையே வாரல்லையே” என்றார்.

அது இரக்கமா, பொறாமையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டுக்காரி, இரண்டும் இல்லை, களைப்பு என்கிறாள்.

அன்று மாலை பக்கத்து அறையில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்பதால் எனக்கும் அவர்களுக்கும் அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு ஒட்டிக்கொண்டது. மதில், கடல், குறுகலான தெரு, எல்லாம் தங்கள் கரையோர ஊர்களைப் போலவே இருக்கிறது என்றார்கள். ஒரு வித்தியாசத்தையும் சொன்னார்கள். வெனிஸின் பழைய நகரில் 1951இல் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரளவில் வாழ்ந்தார்கள். 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. “அங்கே காலையில் பாண் வாங்கப் போகும் கிழவியைக் காண்பது அரிது. இங்கே இந்த அம்மா இருக்கிறா” என்று அந்தப் பெண் அடுப்படிப் பக்கம் கைகாட்டினார். அந்த நேரம் தடுப்புக்குப் பின்னால் தாத்தா பேரனைக் குளிக்கச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது சங்கீதமாகக் கேட்டிருக்கும். மொழி தெரிந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, பெரிய ஏச்சு.

புறப்படும் நாள் காலையில் விருந்தாளிப் பதிவேடு வந்தது. பெயர், நாடு, ஊர், கருத்து. நான் புரட்டிக்கொண்டே போக, வீட்டுக்காரி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். ஊர் என்ற இடத்தில் ‘கிளாஸ்கோ’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. “எங்கட கிளாஸ்கோ தோட்டத்துப் பிள்ளையா? யாரு?” என்றாள். ஸ்கொத்லாந்துத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயரைத் தோட்டங்களுக்கு வைத்ததை முப்பது வருடம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவளுக்கு உண்மையான கிளாஸ்கோ அக்கரப்பத்தனையில் இருப்பதுதான். நான் தமிழில் எழுதினேன். அந்தக் கொப்பியில் வேறு தமிழ் எழுத்து இருக்கவில்லை.

கணக்குத் தீர்ப்பதில் தாத்தா கறார். அறைக்கு மகன் முன்பே கட்டிவிட்டான். உடுப்புக் கழுவியதற்கு எழுநூறு ரூபா, ஒரு போத்தல் தண்ணீருக்கு நூற்றைம்பது என்று துண்டில் எழுதியிருந்தது. மூன்று நாளும் பகல் சோறும் மீன் ஆணமும் இரவு இடியப்பமும் நாங்கள் தடுப்புக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அது துண்டில் இல்லை. கேட்டேன். முகத்தைச் சுளித்தார். “காம்பரா யாவாரம், மாஸ்டர். சோறு எப்பிடி யாவாரமாகும்?” நான் வற்புறுத்தவில்லை. வாப்பாவின் கடையில் சோறு வியாபாரம், படுக்கை இலவசம். இங்கே நேர்மாறாக இருந்தது. எது சரியென்று தீர்ப்புச் சொல்ல நான் யார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் தொலைபேசியில் பேசுகிறோம். வீட்டுக்காரி மலைத் தேயிலை அனுப்புகிறாள். தாத்தா அதை நிறமில்லாத தேயிலை என்றே குறிப்பிட்டாலும், விருந்தாளிகளுக்கு அதைத்தான் கொடுப்பதாகவும், அவர்கள் மெச்சுவதாகவும் மருமகள் தனியாகச் சொன்னாள். பக்கத்து வீடும் கைமாறிவிட்டது. இப்போது அது நகைக் கடை.

கடைசியாகப் பேசியபோது மெல்பர்ன் மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். பின்பக்கத்தில் படுக்க இடமில்லை. முன் காம்பராவில் தங்கவைத்து, பதிவுகளை இரண்டு கிழமைக்கு மூடிவைத்திருக்கிறார்கள். நல்ல பருவகாலம். “ரெண்டு கெழம வருமானம் போச்சு மாஸ்டர்” என்றார் தாத்தா, குரலில் வருத்தம் துளியும் இல்லாமல். விற்கும் கதை வந்ததா என்று கேட்டேன்.

“இன்னம் வாரல்ல. புள்ளைகளுக்கு நுளம்பு வலக்குள்ள படுக்க ஆச. உம்மாக்காரி காலைல எழும்பி, ‘உம்மா, பிரேக்பாஸ்ட் எத்தன மணிக்கு’ன்டு கேக்குறா” என்றார்.

பிறகு, அவள் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார்.